மூன்று கிலோ இருநூறு கிராம் புகை

சிலாங்கூரில் அசாம் ஜாவாவைத் தாண்டி, பழைய தோட்டத்தின் எல்லையில் இருக்கும் தாமான் ஸ்ரீ செகார் குடியிருப்பில், 2022ஆம் ஆண்டு மார்ச் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, காற்றில் இருந்த புகை கெட்டியாகிக் கீழே விழுந்தது. எடை மூன்று கிலோ இருநூறு கிராம். சந்தேகப்படுகிறவர்கள் மளிகைக் கடை சீனி முகம்மதுவைக் கேட்டுக்கொள்ளலாம். அவர்தான் வெங்காயம் நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்தார். சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சொன்னார். விழுந்தவை கடுகு மாதிரி சின்னச் சின்னக் கறுப்பு மணிகள். காற்றில் சாயாமல் நேராக இறங்கின. கையில் ஒட்டவில்லை, துணியில் கறை வைக்கவில்லை, துடைப்பத்தால் கூட்டினால் சமர்த்தாக ஒரு மூலையில் குவிந்தன. எட்டாம் நம்பர் வீட்டிலிருந்து சீனி முகம்மதுவின் கடை வரைக்கும், அதாவது அந்த வீட்டுச் சத்தம் காதில் விழுகிற தூரம் வரைக்கும் மட்டுமே விழுந்தன. அந்த நேரத்தில் அந்த வீட்டில், லோரி ஓட்டும் யுவனேஸ்வரன் எலெக்ட்ரிக் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தியதும் விழுவது நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்ததும் விழுவதும் ஆரம்பித்தது. இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை, நடந்தது இதுதான்.

யுவனேஸ்வரனுக்கு இரண்டு பைத்தியம் என்று தாமானில் சொல்வார்கள். முதல் பைத்தியம் ராக். அது பிடித்தது அவனுடைய பதினாறாவது வயதில், தஞ்சோங் காராங்கில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை பழகப் போனபோது. அங்கே தலைமை மெக்கானிக்காக இருந்த மலாய்க்காரர் நாள் முழுக்க ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவார். முதுகு வரை முடி வளர்த்து இறுக்கமான ஜீன்ஸ் போட்ட பையன்கள் காதலுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டுகள். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குக் குரலை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்பது தாய்ப்பாலோடு புகட்டப்படுகிற விஷயம். வேலை வாங்குகிற மண்டோரிடம் தணிந்த குரல், கணக்கு எழுதுகிற கிராணியிடம் அதைவிடத் தணிந்த குரல், மானேஜர் துரையிடம் குரலே கிடையாது, தலையாட்டல் மட்டும். அப்படி வளர்ந்தவன் முதல் தடவையாக, யாரிடமும் அனுமதி கேட்காமல் சத்தம் போடுகிற ஒன்றைக் கேட்டான். அது தப்பில்லை போலிருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது பிறகு விடவேயில்லை. பழைய சிவப்புக் கித்தார் ஒன்றும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றும் வாங்கினான். தலைமுடியைக் கல்யாணத்துக்காக ஒரே ஒரு தடவை வெட்டினான், அதையும் இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது பைத்தியம் காற்று. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு முப்பது வருஷமாக வட சிலாங்கூர் முழுக்கச் சுற்றுகிறவன் கண்ணில் படாத புகை இல்லை. வயலில் வைக்கோல் எரிகிற புகை, அண்டை நாட்டுக் காடு எரிந்து கடல் தாண்டி வருகிற புகை, குப்பைமேட்டுப் புகை, பெயர் தெரியாத புகை. எல்லாவற்றுக்கும் மனு எழுதினான். நல்ல மலாயில், தேதி போட்டு, நகல் வைத்து, மொத்தம் நாற்பத்திரண்டு மனுக்கள். பதில் வந்தது ஒன்றே ஒன்று; அதுவும் அவன் எழுதிய மனுவுக்கு இல்லை, பக்கத்து வீட்டு நல்லம்மாள் அவன் கித்தார் சத்தத்தைப் பற்றி எழுதிய புகாருக்கு. இத்தனைக்கும் அவனுடைய லோரி இருபது வருஷப் பழசு. கிளப்பினால் தாமான் முனை வரைக்கும் கறுப்பாக ஒரு வால் விட்டுக்கொண்டு போகும். மனைவி குமுதா ஒரு தடவை கேட்டுவிட்டாள்.

“ஊருக்கெல்லாம் மனு எழுதுறீங்களே, ஒங்க லோரிக்கு ஒண்ணு எழுதினா என்னா?”

“அது பொழப்பு லா. பொழப்பயும் புகையயும் ஒண்ணாப் பேசாத” என்றான். இந்தப் பதிலைத்தான் நாற்பத்திரண்டு மனுக்களுக்கும் அந்தந்த ஆட்கள் சொல்லியிருப்பார்கள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

குமுதா வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறவள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் கணவனுடைய சங்கீதத்துக்கு அவள் வைத்த பெயர் ‘தகரத்தை இழுக்கிற பாட்டு’. மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணி வரைக்கும் அவன் இழுத்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் தையல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். 2021இல் செம்பனைக் காட்டுக்கு நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை வந்தது. உருக்க முடிந்ததை உருக்கினார்கள், முடியாததை எரித்தார்கள். அலுவலகங்கள் மூடுகிற ஐந்து மணிக்கு மேல்தான் எரிப்பார்கள், அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள். மூன்று மாதத்தில் குமுதா தைத்து மடித்து வைத்த வெள்ளைச் சட்டைகளின் மடிப்பு ஓரம் கறுத்தது. ஐந்தாவது மாதம் அவளுக்கு இழுப்பு வந்தது. கிளினிக்கில் டாக்டர் ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, முடிந்தால் இடத்தை மாற்றுங்கள் என்றார். சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் அவள் அண்ணன் குமரவேல், ‘இங்க வந்துரு, கடக்காத்து இருக்கு’ என்று வாரம் தவறாமல் போன் செய்தார். வீடு வாங்கிய கடனே முடியாதபோது யுவனேஸ்வரன் எங்கே போவான்? கடைசியில் அந்த மார்ச் எட்டாம் தேதி குமுதா பையைக் கட்டினாள். மறுநாள் காலை பஸ். ‘நீங்க ஒங்க மனுவோட இருங்க’ என்றுதான் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. அவளுக்குக் கோபப்படுகிற அளவுக்கு மூச்சில்லை. யுவனேஸ்வரன் செய்வதறியாமல், பெட்டியின் குமிழை இதுவரை திருப்பாத எண்ணுக்குத் திருப்பிவிட்டு வாசித்தான்.

பத்து நிமிஷத்தில் தையல் அறைக் கதவு திறந்தது. குமுதா வாசலில் நின்று, எட்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாள். “நிறுத்தாதீங்க” என்றாள். இருபத்துநாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல். மனைவி ஒருவழியாகத் தன் சங்கீதத்தைப் புரிந்துகொண்டாள் என்று யுவனேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒன்றரை நிமிஷம் நீடித்தது. பிறகுதான் வாசலில் கறுப்பாக ஏதோ கொட்டுவதைப் பார்த்தான்.

தாமான் இதைப் பழகிக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. புதிதாக வந்த வேகத்தடையைப் பழகிக்கொள்ளவே ஒரு மாதம் பிடித்த ஊர் அது. மாரியம்மன் கோயில் தலைவர் உமாபதி, தோட்டம் இருந்த காலத்தில் கிராணியாக இருந்தவர், எதையும் முறைப்படி செய்கிற மனிதர். கரி விழுவது நல்லதுதான், ஆனால் இந்தக் காட்டுக் கத்தலுக்கு விழுகிறதென்றால் பக்திப் பாடலுக்கு இன்னும் கூடுதலாக விழுமே என்று கணக்குப் போட்டார். அவருடைய சொல்லைத் தட்ட முடியாமல் யுவனேஸ்வரன் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அம்மன் பாட்டு வாசித்தான். ஒரு குன்றிமணி அளவுகூட விழவில்லை. பழைய சினிமாப் பாட்டு வாசித்தான், இல்லை. கேசட்டில் ராக்கைப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. அவன் கையால், ராக் வாசித்தால் மட்டும் விழுந்தது. சாமி குற்றமோ என்று உமாபதி நாலு நாள் யோசித்துவிட்டு, அம்மனுக்கே இதுதான் பிடிக்கிறது போலிருக்கிறது என்று முடிவு செய்தார். ஏழு மணிக்குள் முடித்துவிடுவதால் சுராவில், அதாவது பக்கத்துத் தொழுகைக் கூடத்தில், மஃரிப் பாங்குக்கும் இடைஞ்சல் இல்லை. சுரா வாசலைக் கூட்டுகிறவர்கூட ஒரு சாக்கை வாங்கி வைத்துக்கொண்டார். புகார் எழுதிய நல்லம்மாளுக்கு நாள்பட்ட இருமல் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு ஐந்தே முக்காலுக்கு ஒரு நிமிஷம் தாமதமானால் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்னாப்பா, இன்னிக்கி அந்தக் கதறுற பாட்டு இல்லியா?” என்று கேட்க ஆரம்பித்தாள். சேர்ந்த கரியை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாலையில் இருந்த குழிகளில் கொட்டி மிதித்துப் பார்த்தார்கள், இறுகிக்கொண்டது. மாவட்டத்திலேயே குழியில்லாத சாலை தாமான் ஸ்ரீ செகாருடையதுதான் என்று பேச்சு வந்தது. செகார் என்றால் மலாயில் புத்துணர்ச்சி என்று பொருள்; பெயர் வைத்தவர் இந்தப் பக்கம் குடியிருந்ததில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. யுவனேஸ்வரனின் நாற்பதாவது மனு ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய மேசைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து, ஒன்றரை வருஷம் கழித்து ஒரு அதிகாரி அளவுக் கருவியோடு வந்தார். அவர் வந்த நேரம் மாலை ஆறு. கித்தார் ஓடிக்கொண்டிருந்தது. கருவி, மலை வாசஸ்தலத்தில் காட்டுகிற எண்ணைக் காட்டியது. அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார், மூன்று வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தார். மாசு எதுவுமில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார். கரி மூட்டைகளைக் காட்டினார்கள். அவை உரிமம் இல்லாமல் கழிவைச் சேமித்து வைத்த குற்றத்தில் வரும் என்று அவர் கனிவாகச் சொன்னதும், உமாபதி மூட்டைகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டார். மறு மாதம் ஏதோ ஓர் அமைப்பு, வட்டாரத்தில் மிகச் சுத்தமான காற்றுள்ள குடியிருப்பு என்று ஒரு சான்றிதழ் அனுப்பியது. உமாபதி அதைக் கண்ணாடி போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டினார். தொழிற்சாலைக்காரர்களும் ஒரு நகல் வாங்கித் தங்கள் வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் நன்றி கெட்டவர்களும் இல்லை. 2024 தீபாவளிக்குத் தொழிற்சாலை மேனேஜர் நேரில் வந்து, ஆளுயரப் பெட்டியாக ஒரு புதிய ஆம்ப்ளிஃபயரை அன்பளிப்பாக இறக்கினார். யுவனேஸ்வரன் வேண்டாம் என்றான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சொல்லி, உமாபதி அவன் சார்பில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பழைய பெட்டியைச் சரிபார்த்துத் தருகிறோம் என்று எடுத்துப்போனார்கள். புதுப் பெட்டியின் சத்தம் ஒரு கிலோமீட்டர் வரை போயிற்று. அந்த வாரமே தொழிற்சாலையில் இரண்டாவது புகைக்கூண்டு எழும்பியது, பொங்கலுக்குள் மூன்றாவது. முன்பெல்லாம் மூன்று கிலோ விழுந்த இடத்தில் முப்பது கிலோ விழுந்தது. சீனி முகம்மது அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசை வெளியே கொண்டுவந்து வைத்தார். ஒரு நாள் நிறுத்துவிட்டு அவர் சொன்னார், “தம்பி, நீங்க எவ்ளோ வாசிக்கிறீங்களோ அவ்ளோ எரிக்கிறான். நீங்க அவனுக்குச் சம்பளம் இல்லாத வேலக்காரன்.” யுவனேஸ்வரன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பதினாறு வயதில், யாருக்கும் பணியாத சத்தம் என்று நம்பிப் பிடித்த ஒன்று, இப்போது ஐந்தே முக்காலுக்கு ஆஜராகி அந்தத் தொழிற்சாலைக் கிலாங்குக்கு வேலை பார்க்கிறது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்று பெயர் கொடுத்த அப்பாவைவிடத் தான் எந்த விதத்தில் உயர்ந்தவன் என்று யோசித்தால் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு அதிகாரியை வரச் சொன்னால் போதும், உண்மை வெளியே வந்துவிடும். இது அவனுக்குத் தெரியாததில்லை. இரண்டு தடவை அதிகாரி வருவதாக நாள் குறித்து, இரண்டு தடவையும் நிறுத்தியும் பார்த்தான். மூன்று கூண்டுப் புகை அரை மணி நேரத்தில் கூரை வரை இறங்கியது. குமுதாவின் உதடு நீலமாவதைப் பார்த்ததும் கை தானாகக் கித்தாரை எடுத்துவிட்டது. அதிகாரி வந்தார், சுத்தமான காற்றை அளந்தார், போனார். மனைவியா சாட்சியா என்று வந்தால் எவன்தான் சாட்சியைத் தேர்ந்தெடுப்பான்? நாற்பத்து மூன்றாவது மனுவை எழுதும்போது, இதற்கு மேல் வரமாட்டார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஆனால் கடிதம் வந்தது. 2025 ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை, இதுதான் கடைசிப் பரிசோதனை. குமுதா அந்தக் கடிதத்தைப் படித்தாள், மடித்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தாள்.

அதற்கு மூன்று நாள் முந்தி ஆடி வெள்ளி வந்தது. நம்மவர்கள் புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் எலுமிச்சம்பழம் வைக்காமல் உருட்டமாட்டார்கள். இத்தனை பேருக்கு மூச்சுக் கொடுக்கிற பெட்டிக்கு இன்னும் பூஜையே போடவில்லையே என்று உமாபதிக்கு உறுத்தியது. பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், அம்மனுக்கு எதிரே மேசையில் வைத்து, மஞ்சள் துணி கட்டி, மாலை போட்டு, பூஜை முடிந்ததும் வாசிப்பதற்காக மின்சாரத்திலும் சொருகி வைத்தார்கள். அன்றைக்கு நாற்பத்தொரு பால்குடம். ஊர்வலத்தில் முதல் ஆள் நல்லம்மாள். இருமல் நின்றதற்கு அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள், அம்மனுக்கு இல்லை, பெட்டிக்கு. உள்ளே வந்தாள், கும்பிட்டாள், குடத்தைப் பெட்டியின் தலையில் கவிழ்த்தாள். வரிசையில் முன்னால் நிற்பவர் எங்கே ஊற்றுகிறாரோ அங்கே ஊற்றுவது நம் வழக்கம். ஏன் என்று கேட்டால் பின்னால் நிற்பவர் முறைப்பார். இரண்டாவது பெண் ஊற்றினாள், மூன்றாவது பெண் ஊற்றினாள். ஏழாவது குடத்தில் பெட்டி டப்பென்று ஒரு சத்தம் போட்டுத் தானும் கொஞ்சம் புகை விட்டது. பூசாரி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். ஆனால் விரதமிருந்து சுமந்து வந்த பாலைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பதால் மீதி முப்பத்து நாலு குடமும் முறைப்படி ஊற்றப்பட்டன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, இங்கே குரங்கும் மிஞ்சவில்லை. மூடியைக் கழற்றிச் சாய்த்தபோது பெட்டியிலிருந்து இரண்டு வாளி பால் வந்தது.

செய்தி தொழிற்சாலைக்கு எப்படிப் போயிற்றோ, இரண்டு மணி நேரத்தில் அதே அளவில் இன்னொரு பெட்டி, அட்டைக்குள் புத்தம் புதிதாக, எட்டாம் நம்பர் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியது. நாற்பது மனுவுக்கு அசையாத உலகம் ஒரு பெட்டி கெட்டால் இரண்டு மணி நேரத்தில் அசைகிறது. யுவனேஸ்வரன் கத்தியோடு அட்டையைப் பிரிக்கக் குனிந்தான். குமுதா வந்து அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி குமுதா. மணி அஞ்சாச்சு.”

“திங்கக்கெழம ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள இதப் பிரிக்கக் கூடாது.”

“வெளயாடாத. மூச்சு போயிடும்.”

“போனா அதுவும் மெஷினுல பதிவாவட்டும் லா.” சொல்லிவிட்டு இன்ஹேலரை ஒரு தடவை அழுத்திக்கொண்டாள். “மூணு வருஷமா நீங்க வாசிச்சீங்க, நான் பொறுத்துக்கிட்டேன். மூணு நாளு வாசிக்காம நீங்க பொறுத்துக்குங்க.”

அவன் கெஞ்சினான். உமாபதி வந்து எடுத்துச் சொன்னார், நல்லம்மாள் வந்து காலில் விழாத குறையாக அழுதாள். குமுதா அசையவில்லை. கிளினிக்கிலிருந்து, மருந்தை ஆவியாக்கித் தரும் ஒரு நெபுலைசரைக் கடன் வாங்கிவரச் சொல்லி, அந்தப் பெட்டிமேலேயே வைத்து மாட்டிக்கொண்டாள். புகை தாமானுக்குள் வந்து, மூன்று வருஷமாகத் தடுத்து வைத்த வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டினார்கள். சீனி முகம்மது கடைக்கு முன்னால் ஈரத் துணி கட்டித் தொங்கவிட்டார். பாதிப் பேர் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார்கள், போகும்போது எட்டாம் நம்பர் வீட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனார்கள். சனிக்கிழமை காலையில் குமுதாவின் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. யுவனேஸ்வரன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான். தூக்கினால் பெட்டியையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும், அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவன் எந்த வயரும் சொருகாத கித்தாரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கித்தாரின் சத்தம் ஒரு முழத்துக்கு மேல் போகாது. அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, கிராணியிடம் பேசுகிற குரலில் ராக் வாசித்தான். அவளுடைய மடியில் ஒரு சிட்டிகைக் கரி விழுந்தது. அந்த ஒரு முழத்துக்குள், ஒரு மூச்சுக்குப் போதுமான அளவு, காற்று சுத்தமாக இருந்தது. அவள் அதை இழுத்தாள். அவன் அடுத்த மூச்சுக்கு வாசித்தான். இப்படியே சனி, ஞாயிறு, மூச்சுக்கு ஒரு சிட்டிகையாக. விரல் நுனி வெடித்தபோது சுற்றிக்கொள்ள அவளே தன் தையல் துண்டுத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். இத்தனை வருஷமாக இந்த மனுஷிக்காக இல்லாமல் ஊருக்காகக் கத்திக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு அழுகை வந்தது, வாசித்துக்கொண்டே அழுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமுதா கண்ணைத் திறந்து, ஆச்சரியமாக அவனைப் பார்த்தாள்.

“இதுக்குள்ள ஒரு பாட்டு இருக்குதா?”

“இருக்கு.”

“இத்தன வருஷமா சொல்லவே இல்லியே” என்றாள். பிறகு, “அந்த எடத்த மறுபடி வாசிங்க” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாலை அதிகாரி கருவியோடு வந்தார். கருவி ஒரு எண்ணைக் காட்டியது, பிறகு அதைவிடப் பெரிய எண்ணைக் காட்டியது, பிறகு மூன்று கோடுகளை மட்டும் காட்டிவிட்டு அணைந்துபோனது. இந்தத் தாமானுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்களே என்று கேட்க வாயைத் திறந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குமுதா பெட்டிமேல் இருந்தபடியே இன்ஹேலரை அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு தடவை அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அங்கேயே நின்று உத்தரவு எழுதினார். வியாழக்கிழமை தொழிற்சாலைக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே சாமான்களைக் கணக்கெடுத்தபோது, சரிபார்க்கப் போன யுவனேஸ்வரனின் பழைய பெட்டி மேனேஜர் அறையில் பூந்தொட்டிக்கு மேசையாக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதை அவன் தூக்கி வந்தான். புதுப் பெட்டியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. குமுதா அதைப் பிரிக்கவேயில்லை. தையல் இயந்திரத்துக்கு முன்னால் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது சட்டை தைக்கிறாள்.

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார். காற்று தானாகவே சுத்தமாக இருந்த ஐந்தாவது வாரம், எட்டாம் நம்பர் வீட்டுச் சத்தம் பொது அமைதிக்கு இடைஞ்சலாக இருப்பதாக ஒரு புகார் போயிற்று. முதல் கையெழுத்து உமாபதி, இரண்டாவது நல்லம்மாள். இந்தப் புகாருக்கு ஒன்பதே நாளில் பதில் வந்தது. யுவனேஸ்வரனுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. புகையும் இல்லை, பிறகு எதற்கு என்று அவனுக்கே ஒரு எண்ணம் வந்திருந்தது. கித்தாரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். மாலை ஐந்தே முக்காலுக்கு அவன் சும்மா வாசலில் உட்கார்ந்திருப்பதை ஊர் மூன்று வாரம் பார்த்தது. இதற்கிடையில் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து குமரவேல் போன் செய்தார். அந்தப் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு புகைக்கூண்டு எழும்பியிருக்கிறதாம். ‘மாப்ள, ஞாயித்துக்கெழம கித்தாரோட ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?’ என்று கேட்டார். முதலில் மனு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு யுவனேஸ்வரன் போனை வைத்தான்.

அன்றைக்கு மாலை தையல் இயந்திரத்தின் சத்தம் ஐந்தே முக்காலுக்கு நின்றது. கதவு திறந்தது.

“என்னா, வாசிக்கலியா?”

“புகதான் இல்லியே.”

“யாரு புகைக்காகக் கேட்டா?” என்றாள் குமுதா. “அந்த உள்ள இருக்கிற பாட்டு, அத வாசிங்க. சத்தமாவே வாசிங்க. காயிதம் வந்தா நான் பதில் எழுதிக்கிறேன்.”

அவன் கித்தாரை எடுத்துப் பழைய பெட்டியில் சொருகினான். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லம்மாள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் வாசித்து முடித்ததும் குமுதா வழக்கப்படி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சுத்தமான காற்றுதானே, ஒன்றும் இருக்காது என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குனிந்து கூட்ட ஆரம்பித்தாள். தெருவெல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவனுடைய லோரி நிற்கும் இடத்தில் மட்டும், புகைக்குழாய்க்கு நேர் கீழே, ஒரு பிடி கரி கிடந்தது. சீனி முகம்மது அதை ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்து நாற்பது கிராம் என்றார். குமுதா லோரியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், கரியைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டாள். மறுநாளும் நாற்பது கிராம் இருந்தது. யுவனேஸ்வரன் அன்றைக்கு இரண்டு காகிதம் எடுத்து, தேதி போட்டு, நகலுக்குக் கார்பன் வைத்து, நாற்பத்து நான்காவது மனுவைத் தன் பெயருக்கே எழுதினான். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. கறிவேப்பிலை நன்றாகத் தழைத்திருக்கிறது, தாமானில் யார் கேட்டாலும் குமுதா ஒரு கொத்து ஒடித்துக் கொடுக்கிறாள்.